தோல் வாஷரும் காற்றுத் துப்பாக்கியும்

எடப்பாடியில் ஆடி மாதத்து மாரியம்மன் பண்டிகையின்போது, ராட்டினத்துக்கும் பஜ்ஜிக் கடைக்கும் இடையே பலூன் சுடும் கடை ஒன்று தவறாமல் போடப்படும். துணி போர்த்திய பலகையில் வரிசை வரிசையாகப் பலூன்கள். முன்னால் ஒரு மேசை. மேசைமேல், பல கைகள் பட்டு வார்னிஷ் தேய்ந்துபோன கட்டையோடு இரண்டு காற்றுத் துப்பாக்கிகள். சில ஆண்டுகளுக்கு முன்பு, கூட்டம் சேராத நண்பகல் வேளையில் அந்தப் பக்கம் போன நாம், கடைக்காரர் ஒரு துப்பாக்கியை முழுவதும் பிரித்துச் சாக்கின்மேல் பரப்பியிருக்கக் கண்டோம். முழங்கை நீளத்துக்கு ஒரு சுருள் ஸ்பிரிங், ஓர் இரும்பு உருளை, நான்கைந்து ஸ்குரூக்கள். பக்கத்தில் ஒரு தம்ளரில் விளக்கெண்ணெய். அதனுள் பழுப்பு நிறத்தில் ஏதோ ஊறிக்கொண்டிருந்தது. என்னவென்று கேட்டோம்.

"வாஷருங்க சார், தோலு. காஞ்சு போச்சுன்னா காத்து நிக்காது. ஸ்பிரிங்கு, ட்ரிகரு எல்லாம் அப்புறந்தானுங்க. இது ஒண்ணு சரியா இருந்தாப் போதும்" என்றார்.

அந்தத் தம்ளர் நம் மனத்தை விட்டு நீங்கவில்லை. காற்றாலும் வாயுவாலும் இயங்கும் துப்பாக்கிகளின் வரலாற்றைத் தேடிப் படிக்கப் படிக்க, அது சுட்டவர்களின் வரலாறாக நமக்குத் தோன்றவில்லை. காற்றை ஒழுகாமல் அடைத்து வைக்கத் தெரிந்தவர்களின் வரலாறாகவே தோன்றியது. படித்ததையும் பார்த்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

தமிழாசிரியர் என்பதால் சொல்லிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. வான்சிறப்பு அதிகாரத்தின் இரண்டாம் குறளில் 'துப்பாக்கி' என்ற எழுத்துக் கோவை வருவதைக் காட்டி, வள்ளுவர் காலத்திலேயே துப்பாக்கி இருந்ததாக வகுப்பில் வேடிக்கை செய்யாத தமிழாசிரியர் அநேகமாக இருக்க மாட்டார். அங்கே அது உணவைப் பற்றிய பேச்சு. நாம் இன்று வழங்கும் துப்பாக்கி, துருக்கிய மொழியிலிருந்து வந்து சேர்ந்த சொல் என்பதே அகராதிகள் தரும் செய்தி. அதற்குப் பின்னால்தான் சுவை இருக்கிறது. துருக்கியில் இன்றும் துப்பாக்கிக்கு 'த்யுஃபெக்' என்று பெயர். 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல்-காஷ்கரி தொகுத்த துருக்கிய அகராதியில் இதன் மூதாதைச் சொல் இடம்பெறுகிறது. அங்கே அதன் பொருள், சிட்டுக்குருவிகளை நோக்கி மண்ணுருண்டையை வாயால் ஊதி எறியும் குழல். ஆக, வெடிமருந்து துருக்கியரிடம் போய்ச் சேரும் முன்பே சொல் பிறந்துவிட்டது. துப்பாக்கி என்ற பெயர் முதலில் காற்றுக்கே உரியதாக இருந்து பின்னர் மருந்துக்குப் போனது. நம் தென்மாவட்டங்களிலும் இத்தகைய ஊதுகுழல் உண்டு. சுங்குத்தான் என்று பெயர். வளரியோடு சேர்த்து இதையும் ஆராய்ந்து ஜேம்ஸ் ஹார்னெல் 1924இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்.

ஊதுகுழலில் காற்றை அடைத்து வைப்பது நுரையீரல். அந்த வேலையை ஒரு பொருளிடம் ஒப்படைப்பதில்தான் மனிதனின் சாமர்த்தியம் இருக்கிறது. அதற்கு நம்மவர்கள் கண்டது தோல். கொல்லன் உலைத் துருத்தியைச் சங்கப் பாடல்கள் அறியும். 'குருகு' என்றும் அதற்கொரு பெயர் உண்டு. விரிந்து சுருங்கியும் கிழியாத, தன்னூடே காற்றை விடாத பொருள் அந்நாளில் வேறு இல்லை. ஆனால் தோலுக்கு ஒரு குணம்: ஈரமோ எண்ணெயோ இருக்கும்வரைதான் அது தோல், காய்ந்தால் சருகு. கொங்குநாட்டில் கவலை இறைத்த தலைமுறைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி ஐரோப்பாவுக்குப் போவோம். திரோல் பகுதியைச் சேர்ந்த பார்த்தொலோமியோ ஜிராந்தோனி என்ற கைவினைஞர் 1779 வாக்கில் அமைத்த காற்றுத் துப்பாக்கியை ஆஸ்திரியப் படை ஏற்றுக்கொண்டது. அக்காலப் படைவீரன் ஒரு முறை சுட்டுவிட்டு, நின்றபடி குழல்வாயில் மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டித்துக் கொண்டிருப்பான். ஜிராந்தோனியின் துப்பாக்கியிலோ பக்கவாட்டுக் குழாயில் இருபது குண்டுகள். ஒரு கட்டையைத் தள்ளினால் அடுத்த குண்டு வந்து உட்காரும். படுத்துக்கொண்டே சுடலாம். புகையில்லை, தீப்பொறியில்லை, மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை. தோளில் சார்த்தும் கட்டைப் பகுதியே காற்றுக்கலன். இரும்புத் தகட்டால் செய்து மேலே தோல் போர்த்தியது. நம்மூர் பஞ்சர் கடை மொழியில் சொன்னால், கார் டயருக்கு முப்பது பவுண்டு காற்று என்றால் அந்தக் கலனுக்கு எண்ணூறு பவுண்டு அளவுக்குக் காற்று. அதை நிரப்பக் கைப்பம்பை ஏறத்தாழ 1,500 முறை அடிக்க வேண்டும். முப்பது குண்டுகள்வரை பயன்தரும் வேகத்தோடு சுடலாம். அதன்பின் கலனைக் கழற்றி வேறு கலனை மாட்ட வேண்டும்.

இவ்வளவு சிறப்புடைய கருவி 1815 அளவில் படையிலிருந்து விலக்கப்பட்டது. வெடிமருந்தை வெல்ல முடியாமல் போனதாகப் பலர் எழுதுகிறார்கள். நமக்கு அது பாதிக் காரணமாகவே படுகிறது. மருந்துத் துப்பாக்கியில் கோளாறு நேர்ந்தால் ஊர்க் கொல்லன் பார்த்துவிடுவான். ஜிராந்தோனியின் துப்பாக்கிக்குக் கலனின் பற்றவைப்பில் மயிரிழை பிளந்தாலும் போயிற்று. வால்வின் தோல் வளையம் காய்ந்தாலும் போயிற்று. அதைத் திருத்த நுண்வேலை கற்ற ஆள் வேண்டும். அத்தகையவர்கள் கைவிரலில் எண்ணத்தக்கவர்கள். அதைப் பயன்படுத்தும் வீரனுக்கும் தனிப்பயிற்சி தேவைப்பட்டது. பழுதுபார்ப்பவன் உடன் வராத கருவி எவ்வளவு நன்றாகச் சுட்டால்தான் என்ன?

பழுதுபார்ப்பவன் உடன் போன ஒரு கதையும் இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடந்து பசிபிக் கடலைக் காணப் புறப்பட்ட மெரிவெதர் லூயிஸ், தம்முடன் ஒரு காற்றுத் துப்பாக்கியை எடுத்துச் சென்றார். அது ஜிராந்தோனி வகையைச் சேர்ந்ததே என்பது இப்போது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. 1803 ஆகஸ்டு இறுதியில், பயணம் தொடங்கிய நாளிலேயே, பழக்கமில்லாத ஒருவர் கைபட்டு அது வெடித்து, நாற்பது கஜத்துக்கு அப்பால் நின்றிருந்த ஒரு பெண்ணின் தொப்பியைத் துளைத்து நெற்றிப்பொட்டைக் கீறிவிட்டது. காற்றுத்தானே என்று எண்ணியவர்களுக்கு அன்றே பாடம் கிடைத்தது. வழிநெடுகப் பூர்வகுடிகளின் ஊர்களில் லூயிஸ் அதைச் சுட்டுக் காட்டினார். மருந்தில்லாமல், புகையில்லாமல், அடுத்தடுத்துச் சுடும் கருவியைக் கண்டு அவர்கள் வியந்ததைத் தம் நாட்குறிப்பில் எழுதினார்.

அந்த நாட்குறிப்பில் நமக்கு முக்கியமான நாள் 1805 ஜூன் 10. மிசூரி ஆற்றோடு மரையாஸ் ஆறு கலக்குமிடத்தில் முகாமிட்டிருந்தபோது, ஜான் ஷீல்ட்ஸ் என்ற படைவீரர் காற்றுத் துப்பாக்கியின் முதன்மை ஸ்பிரிங்கை மாற்றிப் புதிதாக அமைத்துத் தந்தார். அதைக் குறித்துவிட்டு லூயிஸ் அந்த மனிதரைப் பற்றியும் சில வரிகள் எழுதுகிறார்: முறைப்படி எந்தத் தொழிலும் பழகாதவர், தம் கருவிகளைப் பெரும்பாலும் தாமே செய்துகொள்பவர், மரமானாலும் இரும்பானாலும் திறமாக வேலை செய்பவர், பலமுறை தாங்கள் அவருக்குக் கடன்பட்டிருப்பதாக. முந்தைய குளிர்காலத்தில் மண்டன் மக்களின் ஊரில் உணவுக்குத் தட்டு வந்தபோதும், இதே ஷீல்ட்ஸ் உலை மூட்டி இரும்பு வேலை செய்துகொடுத்துச் சோளம் வாங்கி எல்லோரையும் பிழைக்க வைத்தவர்களில் ஒருவர். காற்றுத் துப்பாக்கியின் வரலாற்றில் பழுதுபார்த்தவர் ஒருவரின் பெயர் இவ்வளவு தெளிவாகப் பதிவான இடம் வேறொன்று நம் கண்ணில் படவில்லை.

இந்தத் தேதியைப் படித்தபோது நமக்கு வேறொரு தேதி நினைவுக்கு வந்தது. ஷீல்ட்ஸ் ஸ்பிரிங் மாற்றிய நாளிலிருந்து ஐம்பத்தொன்றாவது நாள், 1805 ஜூலை 31, எடப்பாடிக்குப் பக்கத்திலிருக்கும் சங்ககிரிக் கோட்டையில் தீரன் சின்னமலையும் அவருடைய தம்பியரும் தூக்கிலிடப்பட்டார்கள். இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. தொடர்பு இருப்பதாகக் காட்டவும் நாம் முயலவில்லை. ஆயினும் ஓர் எண்ணம் உறுத்தியது. அதற்கு நான்காண்டுகளுக்கு முன்பு, 1801 டிசம்பரில், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. ஆயுதங்கள் போனதைப் பற்றி நம் வரலாற்று நூல்கள் நிறையப் பேசுகின்றன. அவற்றை வடித்தவர்களும் திருத்தியவர்களும் என்ன ஆனார்கள் என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஷீல்ட்ஸுக்கு ஒரு லூயிஸ் வாய்த்தார். பாளையத்து உலைக்களங்களில் இருந்தவர்களைப் பற்றி நாட்குறிப்பு எழுத யாரும் இல்லை.

பண்டிகைக் கடைத் துப்பாக்கியின் நேரடி மூதாதை இன்னும் நூறாண்டு கழித்துப் பிறக்கிறது. 1904இல் பர்மிங்காம் நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளர் லிங்கன் ஜெஃப்ரீஸ் ஒரு காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு முதல் பி.எஸ்.ஏ. நிறுவனம் அதைத் தயாரித்தது. மதுக்கடைகளின் பின்கட்டில் மணியடிக்கும் இலக்கை வைத்துச் சுடும் ஆட்டம் அங்கே பரவியது. நம் பலூன் பலகைக்கும் அந்த மணிக்கும் அதிக தூரமில்லை. இவ்வகையில் காற்றைச் சேமித்து வைப்பதே கிடையாது. ஸ்பிரிங்கை இழுத்து மாட்டிவைக்கிறோம். விசையைத் தொட்டதும் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ள, உருளைக்குள் இருக்கும் காற்று ஒரு கணத்தில் நசுங்கிக் குண்டைத் துரத்துகிறது. ஆயிரத்தைந்நூறு முறை பம்பு அடிக்கும் துன்பமில்லை. பிஸ்டனின் தலையில் கிண்ணம்போல் கவிழ்ந்திருப்பதுதான் நாம் தம்ளரில் பார்த்த தோல் வாஷர். ஏன் கிண்ணம்? காற்று அழுத்த அழுத்த அதன் விளிம்பு விரிந்து உருளையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். தப்பியோடப் பார்க்கும் காற்றே தன் வழியைத் தான் அடைத்துக்கொள்கிறது. சைக்கிள் பம்பு, பம்பு ஸ்டவ், பெட்ரோமாக்ஸ் எல்லாவற்றிலும் இதே கிண்ணம்தான்.

ஆகவே எடப்பாடிப் பக்கத்தில் இத்துப்பாக்கிகளுக்குத் தனி வைத்தியர் யாரும் தேவைப்படவில்லை. பெட்ரோமாக்ஸ் பழுதுபார்த்தவர்களும், தறிப்பட்டறைகளில் உதிரிபாகம் கடைந்து கொடுத்தவர்களும் போதுமானவர்களாக இருந்தார்கள். கடைக்காரர் அன்று நம்மை உட்காரவைத்து வேலையைக் காட்டினார். முதலில் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும். குழலைப் பின்பகுதியோடு மூடிவைத்து, அந்த இணைப்பின் மேல் மெல்லிய சிகரெட் தாளை ஒரு துண்டு கிழித்து வைத்து, பலகையைப் பார்த்துச் சுட்டார். தாள் துள்ளி விழுந்தது. இணைப்பில் இருக்கும் சிறு வளையம் போய்விட்டது என்று பொருள். தாள் அசையாமல் இருந்து, குண்டு மட்டும் சோம்பலாகப் போனால் நோய் உள்ளே இருக்கிறது. உள்ளே போக வேண்டுமானால் ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும், அங்கேதான் ஆபத்து. பின்பக்கத்து மூடியின் கடைசி மரை கழன்றதும் அடங்கிக்கிடந்த ஸ்பிரிங் சீறிக்கொண்டு வெளியே வரும். அவர் அதற்கு நீண்ட மரக்கட்டையில் பூட்டிய பழைய கிளாம்பு ஒன்றை வைத்திருந்தார். கிளாம்பு வாங்குமுன் சுவரில் முட்டுக்கொடுத்துக் கழற்றிய காலத்தின் அடையாளமாகக் கட்டைவிரலில் ஒரு தழும்பும் இருந்தது.

ஊறிய வாஷரை எடுத்து, துணியில் ஒற்றி, அப்படியே சிறிது நேரம் காற்றாட வைத்தார். ஏன் இந்தத் தாமதம் என்றால், எண்ணெய் மிகுந்தாலும் கேடு. நசுங்கும் காற்று சூடேறும். சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சினுக்குள் நடப்பதும் இதுவே. அப்படி வெடிக்கும்போது சத்தம் அதிகமாக வரும். இளைஞர்கள் அதைப் பலம் என்று எண்ணி இன்னும் நான்கு சொட்டு ஊற்றுவார்கள். தோல் கருகும், ஸ்பிரிங் ஒடியும். குண்டு இல்லாமல் வெறுமனே சுட்டுப்பார்ப்பது அதைவிடப் பெரிய குற்றம்: குண்டின் தடையால் உருளையின் முன்பகுதியில் தேங்கும் காற்றே பிஸ்டனுக்கு மெத்தை, மெத்தை இல்லையேல் இரும்பு இரும்போடு மோதும். கூட்டத்தில் யார் வெறும் துப்பாக்கியின் விசையை இழுத்தாலும் கடைக்காரர் முகம் சுளித்ததன் காரணம் நமக்கு அன்றுதான் விளங்கியது. இரவில் கடை கட்டும்போது ஸ்பிரிங்கை இழுத்த நிலையில் வைக்க மாட்டார், தளர்த்தித்தான் வைப்பார். இவற்றையெல்லாம் அவருக்கு யாரும் எழுதித் தந்ததில்லை. (குறிமுள்ளை இலேசாக வளைத்து வைத்திருப்பாரோ என்ற நம் நெடுநாள் ஐயத்தை அன்று கேட்கவில்லை. வேலை காட்டுகிறவரிடம் வியாபாரம் பேசலாகாது.)

அன்று பேச்சினூடே அவர் தம் மகன் செல்பேசியில் பார்த்துக் காட்டிய ஒரு துப்பாக்கியைப் பற்றிச் சொன்னார். பட்டாளத்துத் துப்பாக்கியைப் போலவே இருக்குமாம், கேஸில் ஓடுமாம், பிளாஸ்டிக் குண்டாம். ஏர்சாஃப்ட் எனப்படும் அந்த நகல் துப்பாக்கிகளின் தாயகம் ஜப்பான். போருக்குப் பிந்திய ஜப்பானில் தனிமனிதர் துப்பாக்கி வைத்திருப்பது ஏறக்குறைய இயலாத ஒன்று. உலோக நகல்களுக்கும் 1971இல் கடுமையான கட்டுப்பாடு வந்தது. அசலும் கூடாது, அசலைப்போல் இரும்பில் செய்ததும் கூடாது என்றான பிறகு, ஆசையைத் தீர்த்துக்கொள்ள அவர்கள் கண்ட வழியே ஆறு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டும் தாழ்ந்த அழுத்த வாயுவும். 1991இல் டோக்கியோ மருயி நிறுவனம் மின்மோட்டாரில் இயங்கும் வகையை வெளியிட்டது; ஆனாலும் சுடும்போது அசலைப்போல் பின்னுதைக்கும் இன்பத்துக்காக வாயுவில் இயங்குவதை விடாதவர்கள் பலர். 2006இல் ஜப்பான் அரசு இக்குண்டின் ஆற்றலுக்கு 0.98 ஜூல் என்று வரம்பு கட்டியது. ஒப்பிட்டுப் பார்க்க: இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கும் 0.177 அங்குலக் குழலுக்கும் மேற்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கே உரிமம் வேண்டும்.

இந்த வாயுத் துப்பாக்கியின் உள்ளமைப்பைப் படித்தபோது நமக்கு எங்கோ பார்த்ததுபோல் இருந்தது. யோசித்ததில் அது கோலி சோடா. ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற அந்தப் புட்டியின் கழுத்தில் ஒரு ரப்பர் வளையம்; உள்ளேயிருக்கும் வாயுவே கோலியை வளையத்தோடு அழுத்தி மூடிவைக்கும்; வெளியிலிருந்து விரலால் குத்தினால்தான் திறக்கும். ஏர்சாஃப்ட் துப்பாக்கியின் மேகசினில் குண்டுகளுக்குப் பின்னே வாயு அறை இருக்கிறது. அதன் வால்வை வாயுவும் ஸ்பிரிங்குமாக மூடிவைத்திருக்கின்றன. விசையை இழுத்ததும் சுத்தி வந்து வால்வைக் குத்துகிறது. பீறிடும் வாயு பாதி குண்டைத் தள்ளுகிறது, பாதி பின்பூட்டைப் பின்னுக்குத் தள்ளி அடுத்த குண்டை ஏற்றிவிடுகிறது.

இங்கேயும் நோய் முதலில் வருவது அடைப்பானில்தான். தோலின் இடத்தில் இப்போது ஓ ரிங் என்னும் ரப்பர் வளையம். மேகசின் ஒழுகினால் அதைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி எங்கே வருகிறது என்று பார்க்கச் சொல்கிறார்கள். சைக்கிள் ட்யூபை வாளியில் முக்கிப் பார்த்த நம் எவருக்கும் இதில் புதுமை இல்லை. வளையத்தை மாற்றி, இரண்டு சொட்டு சிலிகான் எண்ணெய் இட வேண்டும். கையில் கிடைத்த இயந்திர எண்ணெயை இட்டால் சிலவகை ரப்பர் உப்பிப் போகும். சும்மா வைக்கும்போது மேகசினைக் காலியாக வைக்கக் கூடாது. சிறிது வாயு உள்ளேயிருந்து அழுத்திக்கொண்டிருந்தால்தான் வளையம் தன் இடத்தில் பொருந்தியிருக்கும். குழலின் பின்முனையில் குண்டுக்குப் பின்சுழற்சி தந்து மிதக்கவைக்கும் சிறு ரப்பர் உறை ஒன்றுண்டு. அதில் மட்டும் எண்ணெய் படவே கூடாது. பட்டால் குண்டு மனம்போன போக்கில் போகும். ஒன்றுக்கு மருந்தானது அடுத்த அங்குலத்தில் நஞ்சாகிறது.

நம் ஊரைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கலும் உண்டு, வெயில். ஜப்பானியர் பயன்படுத்தும் வாயு, கார் ஏ.சி.யில் நிரப்பும் அதே 134ஏ. இருபது பாகை வெப்பத்தில் அதன் அழுத்தம் எழுபது பவுண்டுக்கு அருகில். சேலத்துச் சித்திரையின் நாற்பது பாகையில் நூற்றுமுப்பதைத் தாண்டிவிடும். மற்ற நாடுகளில் பயன்படும் புரொப்பேன் அதே வெயிலில் நூற்றெண்பதைத் தொடும். அழுத்தம் மிகுந்தால் பலம் கூடும் என்று தோன்றும். நடப்பது வேறு: வால்வு உள்ளிருந்து அவ்வளவு இறுக மூடிக்கொள்ளும்போது சுத்தியின் குத்து அதைத் திறக்கப் போதாது, துப்பாக்கி வாயடைத்து நிற்கும். திறந்தாலோ பின்பூட்டு முரட்டுத்தனமாக மோதி விரிசல் விடும். அடுத்தடுத்துச் சுட்டால் நேர்மாறு. திரவம் ஆவியாகி ஆவியாகி மேகசின் சில்லிட்டுப்போய் அழுத்தம் தாழ்ந்துவிடும். புவி வெப்பத்தைக் கூட்டும் வாயு என்பதால் 2016ஆம் ஆண்டுக் கிகாலி உடன்பாடு 134ஏ வகை வாயுக்களை உலகெங்கும் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. பொழுதுபோக்குக் கருவிகளும் அதற்குத் தப்ப முடியாது.

போட்டித் துப்பாக்கிகள் இந்த வெப்பச் சிக்கலை முன்பே அனுபவித்துவிட்டன. 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி சேர்ந்த காலத்தையொட்டிக் கரியமில வாயு அடைத்த துப்பாக்கிகள் செல்வாக்குடன் இருந்தன. கரியமில வாயு 31 பாகைக்கு மேல் திரவமாகவே நிற்காது. ஜெர்மானிய அரங்கில் ஒழுங்காகச் சுடும் கருவி நம் கோடையில் ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு விதமாகச் சுடும். பின்னர் அனைவரும் இருநூறு பார் அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 2,900 பவுண்டுக்கு, அழுத்திய வெறும் காற்றுக்கு மாறினார்கள். ஜிராந்தோனி கைவிட்ட இடத்திலிருந்து இருநூறு ஆண்டு கழித்துத் தொடங்கினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். 2008இல் அபினவ் பிந்த்ரா பெய்ஜிங்கில் தங்கம் வென்றதும் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில்தான். 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற, கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனுக்கும் அதுவே களம். (குறளின் முதல் அதிகாரத்துச் சொல்லைத் தந்தை பெயராகக் கொண்டவர் கையில் துப்பாக்கி இருப்பது, மேலே சொன்ன வகுப்பறை வேடிக்கைக்கு நல்ல மறுமொழி.) இத்துப்பாக்கிகளின் காற்றுக்கலனுக்குத் தயாரித்தவர் குறித்த ஆயுட்காலம் உண்டு, அது பத்தாண்டைத் தாண்டக் கூடாது என்பது பன்னாட்டு விதி. எவ்வளவு நன்றாக இருந்தாலும் நாள் கடந்த கலனோடு போட்டிக்குள் போக முடியாது.

தோல் எப்போது ரப்பருக்கு இடம்விட்டது என்பதற்கு நம் வட்டாரத்திலேயே ஒரு சான்று கிடைக்கிறது. துப்பாக்கியில் இல்லை, அடிபம்பில். இந்தியா மார்க் 2 கைப்பம்புகளில் முதலில் தோல் வாஷர்களே இருந்தன. 1980களில் கோவை வட்டாரத்தில் நடந்த நீண்ட களச் சோதனையில், நைட்ரைல் ரப்பரால் செய்த வாஷர் தோலைவிடப் பலமடங்கு காலம் உழைப்பது உறுதியாயிற்று. கிராமத்துப் பெண்களுக்கு அது பெரிய நன்மை. பம்பு பழுதாகி நாட்கணக்கில் காத்திருப்பது குறைந்தது. அதே வேளையில் தோல் வாஷர் அறுத்துப் பிழைத்தவர்களின் வேலையும் குறைந்தது. கடைகளில் தோல் வாஷர் கிடைக்காமல் போனதற்கு இது ஒரு காரணம். ஸ்டவ்வும் பெட்ரோமாக்ஸும் மறைந்தது இன்னொன்று. பலூன் கடைத் துப்பாக்கிக்கு மட்டும் அது தேவைப்படுகிறது. பழைய உருளைகள் சீராகக் கடையப்பட்டவை அல்ல; அவற்றின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப வளைந்துகொடுக்கத் தோலால்தான் முடிகிறது, ரப்பர் இரண்டே பண்டிகையில் கிழிந்துவிடுகிறது என்பது கடைக்காரரின் அனுபவம்.

பிறகு எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டோம். பேருந்து நிலையத்துக்கு அருகே செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரைச் சொன்னார். மறுவாரம் போய்ப் பார்த்தோம். எருமைத் தோலை ஒரு நாள் நீரில் ஊறவைத்து, நடுவில் துளையிட்டு, துளையுள்ள மரத்துண்டின்மேல் வைத்து ஒரு போல்ட்டால் இறுக்கி உள்ளே அமிழ்த்துகிறார். அப்படியே நிழலில் காய்ந்தால் கிண்ணம் தயார். விளிம்பைச் சீவி எண்ணெயில் போட்டுவிடுவார். ஒரு காலத்தில் நாளுக்கு இருபது முப்பது அறுத்ததாகவும், இப்போது பண்டிகைக்கு முன்னால் இரண்டோ மூன்றோ என்றும் சொன்னார். நாமும் ஒன்று வேண்டுமென்றோம். எதற்கென்று நமக்கே தெரியவில்லை.

"எந்தப் பம்புக்குங்க?" என்று கேட்டார்.

பம்புக்கில்லை, சும்மா வைத்துக்கொள்ளத்தான் என்றோம். நம்மை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "சும்மா வெச்சா காஞ்சு போயிருமுங்க" என்று சொல்லிவிட்டு, போல்ட்டைத் தேடிப் பெட்டிக்குள் கையை விட்டார்.